பின்சீட்டில் அத்திம்பேர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். மட்டாஞ்சேரி கடைவீதியில் அரிசிக் கிடங்கின் மூலையைத் திரும்பி முதலில் வந்தவை இரண்டு வட்ட விளக்குகள். அவை எரியவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு நீண்ட கறுப்பு மூக்கும், மடக்கி வைத்த துணிக்கூரையும், ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்த என் அக்காவின் கணவரும் வந்தார்கள். எஞ்சின் சத்தம் இல்லை. நான்கு சுமைக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, இதை எங்கேர்ந்து தள்ளிண்டு வரேள்?"

"தள்ளிண்டு வரலை. ஓட்டிண்டு வரேன்" என்றார் அத்திம்பேர்.

சுமைக்காரர்களில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமி நல்லவண்ணம் ஓட்டி" என்றார்.

ஐம்பதுகளின் கடைசி அது. அத்திம்பேர், ஏலமும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் கப்பல் பிரிவின் தலைமை குமாஸ்தா. கிடங்கு வளாகத்திலேயே கம்பெனி கொடுத்த வீடு. நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மட்டாஞ்சேரியிலிருந்து சுக்கு, மிளகு, தேங்காயெண்ணெய் விலைகளையும் கப்பல் வருகைகளையும் தினமும் தந்தியடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகாதவன், சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். எங்கள் குடும்பத்தில் அக்கா மூத்தவள், நான் கடைசி. அவளுடைய ஒரே பெண் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போய்விட்டாள்.

கார், இங்கிலாந்து திரும்பிய மானேஜர் விட்டுப் போனது. கப்பல் ஏறும் முன்பு சாவியை அத்திம்பேர் கையில் கொடுத்து, "நீ திட்டுவதற்கு வீட்டில் ஒன்று இருக்கட்டும்" என்று சொன்னாராம். இதை அத்திம்பேர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கார் என்னைவிட நான்கு வயது இளையது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் கிளம்பும். முன்கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளித் திறந்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். திரும்புவதற்கு அடையாளமாகக் கதவுத் தூணிலிருந்து ஒரு சிறிய சிவப்புக் கைகாட்டி எழுந்து நிற்கும். இடதுபக்கக் கைகாட்டி கேட்டால் வரும். வலதுபக்கத்தது தனக்குத் தோன்றினால் வரும். இருக்கைத் தோலில் மானேஜரின் சுருட்டு வாசனையும், மூன்று மாதம் மிளகுக் கிடங்கில் நின்றதால் மிளகு வாசனையும் இருந்தன. முதல் சில வாரங்கள் யார் ஏறினாலும் தும்மினார்கள்.

கம்பெனி டிரைவர் அத்திம்பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மட்டாஞ்சேரிக்காரர், எல்லோருக்கும் சேட்டன். லைசென்ஸ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் கிளம்பினோம். தோப்பும்படி பாலம், வெல்லிங்டன் தீவு, எர்ணாகுளம், பிறகு வைட்டிலா வழியாகத் திருப்பூணித்துறை. வைட்டிலா அப்போது நாலு கடையும் ஒரு கள்ளுக்கடையும்தான். இருபக்கமும் உப்புநீர் ஏறும் வயல்கள், நடுவில் மண் சாலை, சாலையில் வாத்துகள்.

அத்திம்பேர் பிரேக் போட்டு நிறுத்தி, ரப்பர் ஹாரனைப் பிழிந்தார். வாத்துகள் நகரவில்லை.

"இந்தத் தாறாவுக்கெல்லாம் என்ன எண்ணம்? இது இதுகளோட தாத்தா போட்ட ரோடா?"

"ஏன்னா, அதுகள் மெதுவாப் போகட்டும். நமக்கு என்ன அவசரம்" என்றாள் அக்கா.

"அவசரம் இல்லை. மரியாதை வேணுமாக்கும்."

வாத்துக்காரர் வரப்பிலிருந்து கையைத் தூக்கி, "சாமீ, ஹோர்ன் அடிச்சா அது தீனின்னு விசாரிக்கும்" என்றார். அதாவது, வீட்டில் தீனி போடும்போது அவரும் அதே மாதிரி ஒரு ரப்பர் ஹாரனைத்தான் பிழிவார். அத்திம்பேர் மறுபடி பிழிந்தார். வயலுக்குள் இருந்த மீதி வாத்துகளும் சாலைக்கு வந்தன.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, உடம்பு குலுங்கும். அன்று முன்சீட்டே குலுங்கியது. சாலை திறந்ததும் வேகமுள் முப்பதைத் தொட்டது. மணிக்கு முப்பது மைலில் அக்கா அதற்கு முன்பு எதிலும் போனதில்லை, ரயிலைத் தவிர. தலையை வெளியே நீட்டினாள். கொண்டை அவிழ்ந்தது. கடந்து போகும் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள்: கல்லறை, கயிறு திரிக்கிறா, பள்ளி, தோணி, ஐயோ இன்னொரு தோணி. நாற்பத்துநாலு வயதுப் பெண்மணி, மூக்குத்தி, ஒன்பது கஜம். திருப்பூணித்துறையில் ஒரு சாயாக்கடை முன்னால் கார் நின்றபோது, கண்ணாடித் தம்ளரில் கடைச் சாயா வாங்கிக் குடித்தாள். அத்திம்பேர் அதைப் பார்க்கவில்லை. அவர் ஒரு பேருந்து ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியே ஞாயிறுதோறும் போனோம். அத்திம்பேருக்குக் கோபம் வருவதற்கு முன்பு காது நுனி சிவக்கும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். நான் பின்சீட்டிலிருந்து பார்த்தவரை, அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதும் காது சிவந்து, வீடு திரும்பி இறங்கும்வரை சிவப்பாகவே இருந்தது. மாட்டுவண்டி, சைக்கிள், பாலம் திறக்கக் காத்திருக்கும் நேரம், வெயில், நிழல், எல்லாவற்றின் மீதும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது.

அந்த வருடம் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. கம்பெனி ஐம்பத்தைந்தில் அனுப்பிவிடும். வேண்டிய ஆளாக இருந்தால் மூன்று வருடம் நீட்டிக்கும்; ஆனால் கம்பெனி டாக்டர் உடம்பு சரியாக இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். அவர் எழுதாவிட்டால் வேலை போகும், வேலையோடு கிடங்கு வளாகத்து வீடும் போகும். பிறகு பாலக்காட்டுப் பக்கத்தில் அத்திம்பேருக்குப் பாகத்தில் வந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். பூட்டிக் கிடந்த மூன்று கட்டு வீடு. அக்கா கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் அங்கே இருந்தவள்.

"அங்கே சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும்டா" என்றாள் என்னிடம், காய் நறுக்கிக்கொண்டே. "இங்கே பாரு, காலம்பற எழுந்தா கப்பல் ஊதறது. எதிர்த்தாப்ல குஜராத்தி மாமி, இந்தப் பக்கம் கொங்கணி மாமி, மாடியில நின்னா மூணு பாஷையில வம்பு. அங்கே போனா நான் யார்கிட்ட பேசறது? தூண்கிட்டயா?"

"அத்திம்பேர் இருக்காரே."

"அவருக்குத் திட்டறதுக்கு ஆபீஸ் இல்லேன்னா, நான்தானே ஆபீஸ்."

டாக்டர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஆலுவாவில் இருப்பார். அங்கே ஆற்றங்கரையில் கம்பெனிக்கு ஓர் எண்ணெய் ஆலை இருந்தது; அதன் ஓர் அறையில் அவர் உட்காருவார். முதல் தடவை அத்திம்பேர் பஸ்ஸில் போய் வந்தார். ரத்த அழுத்தம் நூற்றெழுபது. நூற்றைம்பதுக்குக் கீழே வந்தால் எழுதித் தருகிறேன், இரண்டு மாதம் தருகிறேன், மனதை ஆற்றும்படி ஏதாவது செய்யுங்கள் என்றாராம் டாக்டர். "எங்கேயாவது காரில் போங்கள், வயல், ஆறு என்று பாருங்கள்" என்று அவரே சொன்னாராம்.

அத்திம்பேர் அதை மருந்துச் சீட்டு மாதிரி நடத்தினார். ஞாயிறு போதாதென்று சனிக்கிழமை மாலையும் சேர்த்துக்கொண்டார். காலடி, பறவூர், செறாய்க் கடற்கரை. மனதை ஆற்றுவதற்காக ஓட்டுகிறோம் என்பதால், குறுக்கே வருகிறவர்கள் மீது அவருக்கு முன்னைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

ஐந்து வாரம் கழித்துத் தானே காரை ஓட்டிக்கொண்டு ஆலுவாவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் கருவியைச் சுற்றிக் காற்றடித்து, ஒரு தடவை பார்த்து, இன்னொரு தடவை பார்த்தார்.

"நூற்றெண்பத்தஞ்சு. சாமி, நான் சொன்ன மாதிரி வண்டியிலே போனீங்களா?"

"ஒரு வாரம் விடலை."

டாக்டர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆலை வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. வலதுபக்கக் கைகாட்டி தானாக எழுந்து நின்றிருந்தது.

"ஆரு ஓட்டுறது?"

"நான்தான்."

"வழியிலே என்ன பார்த்தீங்க?"

அத்திம்பேர் யோசித்தார். "இடப்பள்ளியில ஒரு லாரிக்காரன். கழுதை. களமசேரியில ரெண்டு சைக்கிள், நடு ரோட்டுல. அப்புறம் ஒரு பாதிரியார், குடையை வெச்சுண்டு..."

"மதி, மதி, போதும்" என்றார் டாக்டர். "இனி சாமி ஸ்டியரிங் தொடக் கூடாது. பின்சீட்டு. மூணு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இதுதான்னா நான் எழுதறதுக்கு ஒண்ணும் இல்லை."

திரும்பும்போதும் அவர்தான் ஓட்டியாக வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை. அந்த இருபது மைலை நான் விவரிக்கப் போவதில்லை.

யார் ஓட்டுவது என்பதே கேள்வி. கம்பெனி டிரைவர் வார நாட்களில் புது மானேஜரை விட்டு நகர முடியாது. நான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். "பத்திரிகைக்காரன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்" என்று அத்திம்பேர் மறுத்துவிட்டார்.

"நான் ஓட்டறேன்" என்றாள் அக்கா.

அத்திம்பேரின் காது சிவந்தது. அதைப் பார்த்ததும் அக்கா, "காது" என்று மட்டும் சொன்னாள். அவர் இரண்டு கைகளாலும் காதுகளை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

வெல்லிங்டன் தீவில் ஞாயிறு காலை சாலைகள் அகலமாகவும் காலியாகவும் இருக்கும். டிரைவர் சேட்டன் பக்கத்தில், நான் பின்னால். கிளட்ச் மிதிப்பதற்கு ஆறு கஜத்தைவிட ஒன்பது கஜம் தோதானது என்பதை அக்கா முதல் நாளே கண்டுபிடித்தாள். மடிசார், கால்களைத் தனித்தனியாக விடுகிறது. தடுக்குவதற்குத் தொங்கலே இல்லை.

"மாமி, மெல்லெ, மெல்லெ. கிளட்ச் காலைக் குழந்தைமேலேர்ந்து எடுக்கற மாதிரி எடுக்கணும்" என்றார் சேட்டன்.

"குழந்தைமேல நான் எதுக்குக் காலை வெக்கறேன்?"

"சரி. பூனைமேலேர்ந்து."

கார் மூன்று தடவை குதித்து நின்றது. நான்காம் தடவை போனது. துறைமுகக் கிடங்குகளையும் கிரேன்களையும் சுற்றி அக்கா இரண்டு வட்டம் அடித்தாள். நிறுத்து என்று சேட்டன் சொல்லச் சொல்ல மூன்றாவதும் அடித்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முதல் வட்டத்தில் முறைத்தார், இரண்டாவதில் நிமிர்ந்து நின்றார், மூன்றாவதில் சல்யூட் அடித்தார். அக்கா பதிலுக்கு ஹாரனைப் பிழிந்தாள்.

லைசென்ஸ் பரிசோதனைக்கு வந்த அதிகாரி, வலதுபக்கம் திரும்பச் சொன்னார். கைகாட்டி வரவில்லை. அக்கா ஜன்னல் வழியே தன் கையையே முழங்கை வரை நீட்டினாள், ஆறு வளையலோடு. "ரொம்ப வ்யக்தம், நல்லாத் தெரியுது" என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அத்திம்பேர் பின்சீட்டில் ஏறினார். நான் முன்னால் அக்கா பக்கத்தில். தோப்பும்படி வரை அவர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். தீவைக் கடக்கும்போது மிதிப்பது நின்றது. எர்ணாகுளத்தில் செருப்பைக் கழற்றினார். வைட்டிலாவில் வாத்துகள் இருந்தன. அக்கா எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். வாத்துகளின் சத்தமும் வயல்மடையில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கொக்கெல்லாம் இங்கேயே இருக்கறதா?"

"எந்தக் கொக்கு?"

"அதோ, அந்த மரம் பூரா. வெள்ளையா."

"எப்பவும் இருக்கு" என்றாள் அக்கா. "இத்தனை ஞாயித்துக்கிழமையும் இதே ரோடுதானே வந்தோம்."

"அப்போ நான் ரோட்டைன்னா பார்த்துண்டிருந்தேன்."

அவர் கால்களைத் தூக்கி இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்: சீனவலையின் எதிர்எடையாகக் கட்டிய கற்கள், தோணியில் குளிக்கும் ஒரு மனிதன், ஒரு வீட்டு மதில்மேல் காயவைத்த கப்பைக்கிழங்கு. ஒருமுறை ஒரு மாட்டுவண்டி நடுவழியில் போனது. நான் அவர் காதைப் பார்த்தேன். அவர் அந்த மாட்டின் கொம்புக்கு யார் நீலம் அடித்திருப்பார்கள் என்று கேட்டார். திருப்பூணித்துறை வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அக்கா அந்த ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினாள். நிறுத்தினால் விழித்துவிடுவார்.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. இங்கேதான் சிக்கல். முன்பு இரண்டு தடவையும் காலையிலேயே விட்டார்கள்; இந்தத் தடவை அத்திம்பேருக்கு ஆபீஸில் மூன்று மணிக்குத்தான் அனுமதி. டாக்டர் ஆலுவாவில் ஐந்து மணி வரைதான். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். வேலை நிலைக்குமா போகுமா என்று முடிவாகும் பயணத்தை ராகுகாலத்தில் தொடங்க அவர் தயாராயில்லை.

அதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்போம். நல்ல நேரத்திலேயே பயணிக்கு வேண்டிய பொருள் எதையாவது வீட்டைவிட்டு வெளியேற்றி, போகும் திசையில் வேறோர் இடத்தில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு ஆள் எப்போது போனாலும் பாதகமில்லை. சாதாரணமாக ஒரு துணிப் பையைப் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். அத்திம்பேர் காரையே வைக்கலாம் என்றார்.

இரண்டரை மணிக்கு அக்கா அவருடைய சட்டையையும் அங்கவஸ்திரத்தையும் பின்சீட்டில் வைத்து, காரை வளாகத்திலிருந்து வெளியே ஓட்டி, கடைவீதியின் வடக்கு முனையில் தோணித்துறைக்குப் பக்கத்தில் பாதாம் மரத்தடியில் நிறுத்தினாள். இடம் விசாலமாக, ஆளில்லாமல் இருந்தது. நிழலும் இருந்தது. நடந்தே வீட்டுக்குத் திரும்பிக் காபி போட்டாள்.

பஞ்சாங்கம் பார்த்தார்கள். நீரேற்றம் எப்போது என்று யாரும் பார்க்கவில்லை. மட்டாஞ்சேரியில் அந்தத் துறை காலியாக இருந்தால் அதற்கு ஒரே காரணம், தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பது. தண்ணீர் ஏறியதும் அரிசி வள்ளங்கள் வரிசையாக உள்ளே வரும். அவற்றுக்காக மாட்டுவண்டிகள் வரும்.

மூன்று மணி தாண்டி நாங்கள் மூவரும் போனபோது பாதாம் மரம் மட்டும் தெரிந்தது. காரைச் சுற்றி நான்கு பக்கமும் வண்டிகள். மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வண்டியின் ஏர்க்கால் எங்கள் ரேடியேட்டரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கம்பியைச் சுழற்றக்கூட இடமில்லை. வண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, அத்திம்பேர் பின்சீட்டில் ஏறிவிட்டார். அக்கா ஸ்டியரிங்கில். அப்புறம்தான் இருவரும் சுற்றிலும் பார்த்தார்கள்.

சுமைக்காரர்களின் மூப்பன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் தோர்த்துத் துண்டு, தோளில் சாக்குத் தூசி.

"ஒரு மணிக்கூர் ஆகும், சாமி. மூணு வள்ளம் இருக்கு."

நான், "இறங்கிப் படகுத்துறைக்குப் போயிடலாம், அத்திம்பேர். அக்கரையில பஸ் பிடிச்சா..." என்றேன்.

"எறங்கினா பரஸ்தானம் போச்சு" என்றார் அவர். "திரும்ப ஏறினா ராகுகாலத்துல பொறப்பட்டதாயிடும். நான் எறங்க மாட்டேன்."

காது நுனிகள் சிவக்கத் தொடங்கின. அக்கா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். பிறகு காரை ஒரு முறையும், வண்டிகளுக்கு அப்பால் தெரிந்த சாலையை ஒரு முறையும் பார்த்தாள். முப்பதடி இருக்கும்.

"மூப்பரே" என்றாள். "அரிசிச் சாக்கு எத்தனை ஆள் தூக்குவா?"

"ஒரு ஆள், மாமி."

"அப்போ இந்த வண்டிக்கு எத்தனை ஆள்?"

மூப்பன் காரைச் சுற்றி நடந்தார். பின் பம்பரைப் பிடித்து ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்து, மெதுவாக விட்டார்.

"பதினாறு. நாலு கழி வேணும். ஆனா சாமி எறங்கணும்."

"சாமி எறங்க மாட்டான்" என்றார் அத்திம்பேர்.

"நானும்தான்" என்றாள் அக்கா. "நான் எறங்கினா யார் பிரேக் பிடிக்கறது?"

மூப்பன் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வள்ளங்களின் பக்கம் திரும்பி, "பிள்ளைகளே, இங்க வா. ஒரு எழுந்தருளிப்பு உண்டு" என்று கூப்பிட்டார். என்னிடம், "அதும் சரிதான். தேவனை எடுக்கும்போ தேவன் எறங்கி நடக்குமோ" என்றார்.

கனமான மரப்பெட்டிகள் தூக்கும் மூங்கில் கழிகள் வந்தன. கயிறு வந்தது. நான் இறங்கி ஒரு வண்டியின் மேல் ஏறி நின்றேன். பதினாறு பேர் கழிகளுக்குத் தோள் கொடுத்தார்கள். மூப்பன் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொன்னார்கள். கார் சக்கரங்கள் தொங்கத் தொங்க மேலே எழுந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, நேரானது. வண்டிகளின் விளிம்புக்கு மேல் இரண்டு கை உயரத்தில் நகரத் தொடங்கியது.

எதிர்க் கிடங்கின் மாடியில் சுக்குப் பொறுக்கும் பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். ஒருத்தி குரவையிட்டாள். உடனே மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொங்கணிக் கடைக்காரர் ஒருவர் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்; யாரைக் கும்பிடுகிறோம் என்று பிறகுதான் பார்த்தார். ஊர்வலத்துக்கு மேளம் இல்லாத குறையைத் தீர்க்க அக்கா ஹாரனைப் பிழிந்தாள். அதிர்ச்சியில் வலதுபக்கக் கைகாட்டி எழுந்து நின்றது.

"மாமி வலத்தோட்டு திரியறதா?" என்று கழியின் கீழிருந்து ஒருவன் கேட்டான்.

"நீங்க எங்கே கொண்டுபோறேளோ அங்கே" என்றாள் அக்கா.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் தானாகக் கிளம்பிவிட்டதோ என்று நினைத்தேன். அத்திம்பேர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அவருக்கும் பழக்கமில்லை போலிருந்தது, இடையில் விக்கியது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மாடியில் நின்ற பெண்களுக்கு ஆசீர்வாதம் செய்தார். பெண்கள் இன்னும் பலமாகக் குரவையிட்டார்கள்.

"ஏன்னா, ஆடாதேங்கோ, கார் சாயறது" என்று அக்கா சொன்னாள். அவள் உடம்பு குலுங்கியதில்தான் கார் அதிகம் ஆடியது.

சாலையில் இறக்கிய பிறகு நான் கம்பியைச் சுழற்றினேன். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. மூப்பனும் மூன்று பேரும் தோப்பும்படி வரை வருகிறோம் என்று பக்கப் படிகளில் தொற்றிக்கொண்டார்கள். தூக்கிய வண்டி ஓடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். பாலத்தின் அருகே இறங்கும்போது மூப்பன் அக்காவிடம், "சாக்கு இவ்வளவு பேசாது" என்றார்.

எர்ணாகுளம் தாண்டியபின் வெயில் சாய்ந்தது. அக்கா முப்பதில் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள். இடப்பள்ளி பள்ளிக்கூடம் விட்டிருந்தது. சாலையோரக் கூட்டம் முழுவதும் கையாட்டியது, நாங்களும் ஆட்டினோம். களமசேரிக்கு அப்பால் முந்திரி மரங்களுக்கு நடுவே சாலை ஏறி இறங்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் அக்கா காலை எடுத்துவிடுவாள். எஞ்சின் சத்தம் அடங்கி, காற்றும் டயரும் மட்டும் கேட்கும், வயிற்றில் ஊஞ்சல் இறங்குவது போலிருக்கும். அத்திம்பேர், "இன்னொண்ணு வருமா?" என்று கேட்பார். "வரும்" என்பாள் அக்கா. நான் குறிப்பெடுப்பதற்காகப் பையிலிருந்து எடுத்த பென்சில் ஆலுவா வரும்வரை கையிலேயே இருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆலை வாசலில் நின்றோம். டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே, ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் வைத்திருந்த அவள் கைகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. ஒரு கை மறு கையின் வளையல்களைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தது.

டாக்டர் காற்றடித்தார். முள்ளைப் பார்த்தார். இன்னொரு கையில் சுற்றி மறுபடி பார்த்தார்.

"வழியிலே என்ன பார்த்தீங்க, சாமி?"

"மட்டாஞ்சேரியை" என்றார் அத்திம்பேர். "மேலேர்ந்து பார்த்தேன். எல்லார் தலையும் தெரிஞ்சுது. நம்ம கிடங்குக் கூரையில ஏழு ஓடு உடைஞ்சிருக்கு, நாளைக்குச் சொல்லணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாம்" என்றேன் நான்.

அவர் பேனாவை எடுத்தார். பாலக்காட்டு வீடு அந்த வைகாசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாடகைக்குப் போனது.